‘ஐயோ’ என்னும் இடைச்சொல்லும் தமிழ்ப் பத்திரிகையும்: திருகோணமலை சார்ந்த ஒரு நோக்கு

பத்திரிகை நடையை ஆராய்வோர் பெரும்பாலும் அதன் வாக்கிய அமைப்பு, வடசொற் கலப்பு, மொழிபெயர்ப்பினால் நேர்ந்த வழுக்கள் ஆகியவற்றையே நோக்குவர். தனிப்பொருள் என்று எடுத்துக் கூறத்தக்கது எதுவுமின்றி, வாக்கியத்தின் தலையிலே வந்து நிற்கும் உணர்ச்சிச் சொற்களை அவர்கள் அதிகம் பொருட்படுத்துவதில்லை. ‘ஐயோ’, ‘அந்தோ’, ‘அடடா’, ‘அப்பாடா’, ‘அடேயப்பா’ என்பன போன்றவை இலக்கண நூல்களின் இடையியலிலும் பள்ளிப் பயிற்சிப் புத்தகங்களின் கடைசிப் பக்கங்களிலும் இடம்பெறுவதோடு மறக்கப்பட்டு விடுகின்றன. ஆயினும், ஒரு செய்தித்தாள் யாருடைய குரலிற் பேசுகின்றது, யாருடைய குரலைத் தன் பக்கங்களில் அனுமதிக்கின்றது, யாருடைய குரலை வெளியே நிறுத்துகின்றது என்பனவற்றை இச்சிறு சொற்களைக் கொண்டே ஓரளவு கண்டுகொள்ளலாம். தலையங்கத்தில் வரும் ‘அந்தோ’வுக்கும், வினா விடைப் பகுதியில் வரும் ‘ஐயோ பாவம்’ என்பதற்கும், வீட்டு முற்றத்தில் ஒரு தாய் எழுப்பும் ‘ஐயோ’வுக்கும் இடையேயுள்ள தூரம் சிறியதன்று.

இவற்றுள் ‘ஐயோ’ ஒன்றையே எடுத்து, அது பத்திரிகையில் நுழைந்த வரலாற்றைத் திருகோணமலை நகரை மனத்திற்கொண்டு நோக்குதற்கு இரு காரணங்கள் உள. முதலாவது, இச்சொல் தமிழருக்கு மாத்திரம் உரியதன்று. சிங்களத்திலும் அதே ஒலியோடும் ஏறக்குறைய அதே பொருளோடும் வழங்குகின்றது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே சந்தையிற் கூடும் துறைமுக நகரமாகிய திருகோணமலையில் ஒரு மீன்கூடை கவிழ்ந்தால் மூவர் வாயிலும் எழுவது ஒரு சொல்லே. மூன்று சமூகங்களும் பூசலின்றிப் பொதுவாக வைத்திருக்கும் உடைமைகள் அங்கு அதிகமில்லை. அவற்றுள் இதுவும் ஒன்று. இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. திருகோணமலையின் செய்தி நெடுங்காலமாக நிகழ்வது ஓரிடத்திலும் எழுதப்படுவது வேறோரிடத்திலுமாக இருந்து வந்திருக்கின்றது. பெரிய தமிழ் நாளேடுகள் கொழும்பிலே அச்சாயின. யாழ்ப்பாணத்திலும் சில அச்சாயின. ‘திருமலை நிருபர்’ அனுப்பிய செய்தி அங்கே திருத்தப்பட்டு, தலைப்பிடப்பட்டு, மறுநாள் புகையிரதத்தில் ஊருக்குத் திரும்பி வந்தது. அவ்விடைவழியில் உதிர்ந்து போனவை பல. அவற்றுள் முதலில் உதிர்ந்தது இவ்விடைச்சொல்லே எனலாம்.

‘ஐ’ என்பது வியப்பைக் குறிக்கும் உரிச்சொல் எனத் தொல்காப்பியம் கூறும். தலைவனையும் தந்தையையும் குறிக்கும் ‘ஐயன்’ என்பதன் விளியே ‘ஐயோ’ என்று கொள்வாரும் உளர். பின்னைய கருத்துக்குத் துணையாகப் பல சொற்களைக் காட்டலாம். அன்னையை விளித்தலால் ‘அன்னோ’. அம்மையை விளித்தலால் ‘அம்மாடி’. அப்பனை விளித்தலால் ‘அப்பாடா’. கிழக்கிலங்கை முஸ்லிம் பெண்கள் துயரிலும் திகைப்பிலும் அழைப்பது ‘உம்மா’வையே. தமிழ் பேசுவோர் அதிர்ச்சியுற்றபோது தம்மையறியாமல் உறவுமுறைப் பெயர் ஒன்றையே சொல்கின்றனர் என்பது இதனாற் புலனாகும். அருகில் இல்லாத ஒருவரை அருகே வரும்படி அழைப்பது அது. எனவே இச்சொற்களை வெறும் உணர்ச்சி வெளிப்பாடு என்று கூறி அமைதல் போதாது. அவற்றுள் கேட்பவர் ஒருவர் எப்பொழுதும் இருக்கின்றார். தொல்காப்பியரே ‘அம்ம’ என்னும் சொல்லுக்குக் கேட்பித்தலைப் பொருளாக வகுத்தார். ஒருவனை உரையாடலுக்குள் இழுத்து, நான் சொல்வதைக் கேள் என்று நிறுத்தும் சொல் அது. இடைச்சொல்லின் இயல்பை இதனினும் சுருக்கமாகச் சொன்னவர் பிற்காலத்தில் இல்லை.

இச்சொல்லின் பழைய ஆட்சியைப் புறநானூற்றின் 255ஆம் பாட்டிலே காணலாம். வன்பரணர் பாடியது. காட்டுவழியிலே கணவன் இறந்து கிடக்க, அவன் அருகில் நிற்கும் மனைவி, ‘ஐயோ’ என்று கதற நினைக்கின்றாள். கதறினால் அவ்வொலி கேட்டுப் புலி வருமே என்று அஞ்சுகின்றாள். தூக்கிச் செல்ல முயல்கின்றாள். அவனது அகன்ற மார்பு அவளால் தூக்க இயலாததாயிருக்கிறது. இறுதியில் இறந்தவனையே நோக்கி, என் கையைப் பற்றிக்கொண்டு மலைநிழல்வரை சிறிது நட என்று வேண்டுகின்றாள். பாட்டிலே ‘ஐயோ’ என்னும் சொல் இடம்பெறுகின்றது. ஆனால் அவள் அதைக் கூறவில்லை. கூறினால் என்ன ஆகும் என்றே கூறுகின்றாள். துயரத்தின் சொல் வாய்வரை வந்து, கேட்பவர் யார் என்ற அச்சத்தினால் நின்று விடுகின்றது. அழுவதற்கும் பாதுகாப்பான இடம் வேண்டும் என்ற உண்மையைத் தமிழிலக்கியம் இத்துணை முற்காலத்திலேயே அறிந்திருந்தது.

கம்பனிடத்து இதே சொல் வேறொரு தொழில் செய்கின்றது. இராமனது வடிவழகைச் சொல்ல வந்த இடத்தில் உவமைகளை அடுக்கி, அவையெல்லாம் தோற்றபின் ‘ஐயோ’ என்று அவன் நின்று விடுகின்றான். திருப்பாணாழ்வாரும் அரங்கனைக் கண்ட வியப்பில் இச்சொல்லையே கையாண்டார். ஆகவே துயரம், வியப்பு, இயலாமை என்னும் மூன்றுக்கும் இது பொதுவாக நின்றது. சொல்ல வந்தவனுக்குச் சொற்கள் போதாமற் போன இடமே இம்மூன்றுக்கும் பொதுவான நிலம்.

‘அந்தோ’வின் கதை வேறு. திசைச்சொற்களுக்கு உதாரணம் காட்டப் புகுந்த உரையாசிரியர் சிலர், ‘அந்தோ’ என்பதைச் சிங்கள நாட்டிலிருந்து வந்ததாகக் காட்டினர். அவர்கள் கருத்து மொழியியல் நோக்கிற் சரியா என்பது தனி ஆராய்ச்சிக்கு உரியது. ஆயினும் கடலுக்கு அப்பாலுள்ள தீவிலிருந்து தமிழுக்கு வந்த கொடையென்று அவர்கள் எடுத்துக்காட்டிய சொல், முத்தையோ யானையையோ குறிக்காது ஓர் அழுகைச் சொல்லாக அமைந்தமை சிந்திக்கத்தக்கது. விந்தை யாதெனில், அயலிலிருந்து வந்ததாகச் சொல்லப்பட்ட ‘அந்தோ’ செய்யுளிலும் மேடையிலும் உயர்ந்த ஆசனம் பெற்றது. வீட்டுச் சொல்லாகிய ‘ஐயோ’ கொச்சை என்று ஒதுங்கியது. அதற்கு நாட்டார் நம்பிக்கையும் ஒரு காரணமாயிருக்கலாம். ‘ஐயோ’ என்பது யமனுடைய மனைவியின் பெயர் என்றும், வீட்டுக்குள் அதைச் சொல்லலாகாது என்றும் பிள்ளைகளை முதியோர் கண்டிப்பதுண்டு. விடியற்காலையில் வாசலில் வந்து விழும் பத்திரிகையின் முகப்பில் அச்சொல்லைப் பொறிக்க எந்த ஆசிரியருக்கும் சற்றுத் தயக்கம் இருந்திருக்கும்.

ஏட்டுச்சுவடியில் வியப்புக்குறி கிடையாது. நிறுத்தக்குறி எதுவுமே கிடையாது. ஒரு சொல் கூவப்பட்டதா முணுமுணுக்கப்பட்டதா என்பதை ‘என’ என்னும் எச்சத்தைக்கொண்டோ ஓசையைக்கொண்டோ வாசகன் உணர்ந்தான். அச்சு வந்தபோது ஐரோப்பியக் குறிகளும் உடன் வந்தன. 1841 ஜனவரியில் அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணத்தில் ‘உதயதாரகை’யைத் தமிழிலும் ஆங்கிலத்திலுமாக வெளியிடத் தொடங்கினர். இருமொழி இதழாகிய அதிலே ஆங்கிலப் பகுதியின் குறியீட்டு மரபு தமிழுக்கும் பழகிப்போயிற்று. அதே காலத்தை ஒட்டி, 1847 டிசம்பரில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே ஆறுமுக நாவலர் தமது பிரசங்கங்களைத் தொடங்கினார். பிரசங்கமும் துண்டுப் பிரசுரமும் நாவலர் கையில் ஒன்றையொன்று வளர்த்தன. கேட்போர் கூட்டத்தை எதிரே நிறுத்தி, வினாவியும் விளித்தும் இரங்கியும் செல்லும் உரைநடை அச்சிலே ஏறியது. தமிழ்ப் பத்திரிகையின் உணர்ச்சிச் சொற்களுக்கு மேடையே தாய்வீடு என்பதை மறத்தலாகாது. மேடையிலிருந்து வந்ததனாலேயே அவை முதலில் மேடைக்குரிய உயர்ந்த கோலத்தோடு வந்தன.

இக்காலத்திலே திருகோணமலை எழுத்து வளமற்ற ஊராக இருக்கவில்லை. எஸ். இன்னாசித்தம்பியின் ‘ஊசோன் பாலந்தை கதை’ 1891இல் வெளிவந்தது. தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் ‘மோகனாங்கி’ 1895இல் வெளிவந்தது. தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று அது போற்றப்படுகின்றது. அவருடைய தமையனார் கனகசுந்தரம்பிள்ளை பழந்தமிழ் நூற்பதிப்பில் ஈடுபட்டவர். ஆனால் இவர்களுட் பிள்ளைமார் இருவரும் தமது பணியை ஆற்றிய களம் சென்னை. கதை பிறந்த ஊருக்கும் அது அச்சேறிய ஊருக்கும் இடையேயுள்ள கடல், பின்னர்ச் செய்திக்கும் வந்து வாய்த்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பத்திரிகைத் தமிழ் உயர்ந்தோர் மேடையிலிருந்து மெல்ல இறங்கத் தலைப்பட்டது. 1917இல் தொடங்கிய ‘தேசபக்தன்’ வாயிலாகத் திரு. வி. கல்யாணசுந்தரனார் அரசியலை நல்ல தமிழில் எழுதலாம் என நாட்டினார். அவரது நடை இலக்கியச் செறிவுள்ளது. அங்கே ‘அந்தோ’வுக்கே இடம். அடுத்த பத்தாண்டுகளில் கல்கி ‘ஆனந்த விகட’னில் எழுதிய கட்டுரைகள் வாசகனைத் திண்ணையில் உட்கார வைத்துப் பேசின. அங்கே ‘அடடா’வும் ‘அப்பாடா’வும் கூச்சமின்றி வந்தன. இலங்கையில் 1930இல் ‘வீரகேசரி’யும் ‘ஈழகேசரி’யும், 1932இல் ‘தினகர’னும் தோன்றின. வீரகேசரியின் ஆசிரியராகச் சிலகாலம் அமர்ந்த வ. ரா., பேச்சின் ஓட்டத்தை எழுத்தில் விரும்பியவர். தமிழ்நாட்டிலிருந்து வந்த இத்தகைய ஆசிரியர்களின் கையால் ஈழத்துப் பத்திரிகைத் தமிழில் ஒரு நெகிழ்ச்சி ஏற்பட்டது. ஆனால் அந்நெகிழ்ச்சியோடு தமிழ்நாட்டு உணர்ச்சிச் சொற்களும் வந்து சேர்ந்தன என்பதையும் குறிப்பிடல் வேண்டும். திருகோணமலைக் கடற்றொழிலாளி ஒருவன் ‘அடேயப்பா’ என்று வியப்பதைவிட ‘என்ர அம்மோய்’ என்று வியப்பதே இயல்பு. முன்னையது அச்சேறியது, பின்னையது ஏறவில்லை.

1942இல் சி. பா. ஆதித்தனார் மதுரையில் ‘தந்தி’யைத் தொடங்கியமை பெரும் மாற்றத்துக்கு வித்திட்டது. பேச்சுத் தமிழைக் கொச்சை நீக்கி எழுதுவதே பத்திரிகைக்கு உரிய நடை என்பது அவர் கொள்கை. எழுத்துக்கூட்டி வாசிப்பவனும் ஒருவன் வாசிக்கக் கேட்பவனும் அவர் கண்முன் நின்றனர். ஈழத்து வாசிகசாலைகளிலும் இத்தகைய வாசிப்பே நிகழ்ந்தது. ஒரு பத்திரிகையைச் சூழப் பலர் அமர்ந்திருக்க, குரல் வளமுள்ள ஒருவர் உரக்க வாசிப்பார். அவ்வாறு வாசிக்கப்படும்போது எழுத்திலுள்ள ‘ஐயோ’ மீண்டும் ஒலியாகின்றது. கேட்பவரும் தம் பங்குக்கு ஓர் ‘ஐயோ’வைச் சேர்த்துக் கொள்கின்றார். எழுத்து வடிவிலே மிகையாகத் தோன்றும் உணர்ச்சிச் சொற்கள் அக்காலப் பத்திரிகைகளில் மலிந்திருந்தமைக்கு இவ்வாசிப்பு முறையை ஒரு விளக்கமாகக் கொள்ளலாம். மௌனமாக வாசிப்பவனுக்கு அவை வேண்டாதவை. செவியால் வாசித்தவனுக்கு அவை இளைப்பாறும் இடங்கள்.

ஆனால் கொள்கையில் உள்ள ஒரு முடிச்சை இங்கே கவனித்தல் வேண்டும். கொச்சை நீக்குதல் என்றால் எதை நீக்குவது? ‘வருகுது’ என்பதை ‘வருகிறது’ என்று திருத்தலாம். ‘ஐயோ’வைத் திருத்த இயலாது. வைத்துக்கொள்ளலாம், அல்லது எடுத்துவிடலாம். பத்திரிகை இவ்விரண்டையும் செய்தது. ஆனால் இடம்மாற்றிச் செய்தது. செய்திப் பக்கத்தில் எடுத்தது, வேடிக்கைப் பக்கத்தில் வைத்தது. விலையேற்றத்தைப் பற்றிய துணுக்கில், அமைச்சரின் வாக்குறுதியைப் பற்றிய கேலியில், வினா விடைப் பகுதியில் அது குடியேறிற்று. இதை முழுக்கக் குறையென்று கொள்வதற்கில்லை. 1960களில் சி. சிவஞானசுந்தரம் தொடங்கி நடத்திய ‘சிரித்திரன்’ ஈழத்துப் பேச்சு வழக்கைக் கேலிச்சித்திரத்தின் வாயில் வைத்து, அதற்கு ஒரு மதிப்பையும் தேடித் தந்தது. சவாரித்தம்பர் பேசிய மொழி எவருடையதோ அவர்களே அதை வாசித்தார்கள்; தம்மை நோக்கித் தாமே சிரித்தார்கள். இலங்கையின் ஆங்கிலப் பத்திரிகைகளிற் காணப்படும் நிலை இதனின் வேறுபட்டது. அங்கே அங்கதப் பத்திகளில் ‘ஐயோ’ என்று ஒரு பாத்திரம் தொடங்கினால், பேசுபவன் சாதாரண மனிதன் என்பதும், அவன் சொல்வது சிரிப்பதற்குரியது என்பதும் வாசகனுக்கு உடனே விளங்கிவிடும். சொல் அங்கே ஓர் உடை. ஒருவனுக்கு அணிவித்து அவனை அடையாளம் காட்டும் உடை. 2016இல் ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதி இச்சொல்லைத் தன் பதிவுகளிற் சேர்த்துக்கொண்டபோது தென்னாசியப் பத்திரிகைகள் அதனை மகிழ்ச்சிச் செய்தியாக வெளியிட்டன. துயரத்தின் சொல் ஒன்றுக்குக் கிடைத்த பாராட்டு விழாவாக அது அமைந்தது.

இனித் திருகோணமலைச் செய்திக்கு வருவோம். 1942 ஏப்பிரல் 9ஆம் நாள் காலையில் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தின் மீதும் சீனன்குடாவின் மீதும் குண்டு வீசின. அதே நாளில் துறைமுகத்தை விட்டுச் சென்றிருந்த ‘ஹேர்மிஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பலும் மட்டக்களப்புக்கு அப்பாற் கடலிலே மூழ்கடிக்கப்பட்டது. நகரம் அந்நாள்வரை கண்டிராத பேரிடி அது. ஆனால் அச்செய்தி கொழும்பிலுள்ள தமிழ்ப் பத்திரிகைகளை அடைவதற்கு முன் போர்க்காலத் தணிக்கையைக் கடந்தாக வேண்டும். அரசாங்க அறிக்கையாக ஆங்கிலத்தில் வடிக்கப்பட்டு, பின்னர் தமிழாக்கப்பட வேண்டும். வீழ்த்தப்பட்ட விமானங்களின் எண்ணிக்கை இவ்வழியே வரலாம். கடற்கரையிலிருந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களின் கூக்குரல் வர இயலாது. சாதாரண காலத்திலும் நிலை பெரிதும் வேறன்று. வெளியூர் நிருபருக்குத் தந்தியே விரைவான வழி. தந்திக்குச் சொல்லுக்குச் சொல் கட்டணம். இடத்தையும் எண்ணையும் பெயரையும் நிரப்பியபின் ஓர் ‘ஐயோ’வுக்குப் பணம் கட்டும் நிருபர் எங்கும் இருந்திரார். தொழில்நுட்பமும் சிக்கனமும் சேர்ந்து ஒரு நடையை உருவாக்கின. காலப்போக்கில் அந்நடையே நடுநிலைமை என்று பெயர் பெற்றது.

தந்தி மறைந்து தொலைபேசியும் தொலைநகலும் வந்தபின்னும் அந்நடை மறையவில்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இலங்கையில் 30,000 பேருக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. திருகோணமலை, கிண்ணியா, மூதூர்க் கரையோரங்களும் பேரழிவுக்கு உள்ளாயின. ‘சுனாமி’ என்ற சொல் அன்று காலைவரை கரையோர மக்களிற் பெரும்பாலோருக்குத் தெரியாது. அவர்கள் கண்டதைச் சொன்னார்கள்: கடல் வருகுது என்று கூவினார்கள். அக்கூவலைக் கேட்டு ஓடியவர்கள் பிழைத்தார்கள். தொல்காப்பியர் ‘அம்ம’ என்னும் சொல்லுக்கு வகுத்த கேட்பித்தற் பொருளுக்கு இதனிலும் தெளிவான உதாரணம் கிடைத்தல் அரிது. அடுத்து வந்த நாட்களில் ‘கடற்கோள்’, ‘ஆழிப்பேரலை’, ‘சுனாமி’ என்னும் பெயர்களுள் எது பொருத்தமானது என்று பத்திரிகைகளும் அறிஞரும் ஆராய்ந்தனர். பெயர் வேண்டியதுதான். ஆயினும் ‘கடல் வருகுது’ என்னும் வாக்கியத்தில் நிகழ்ச்சியும் எச்சரிக்கையும் அச்சமும் ஒருங்கே நின்றன. அதனைத் திருத்தி ‘கடல் நீர் ஊருக்குள் புகுந்தது’ என்று எழுதும்போது நிகழ்ச்சி மாத்திரம் எஞ்சுகின்றது. இத்தகைய இடங்களிலே சாட்சியின் வாய்மொழியை உள்ளவாறே மேற்கோளாக எடுத்தாளுதல் செய்திக்கு இழுக்கன்று. செய்தியின் ஒரு பகுதியே அது.

இதற்கு எதிரான ஒரு நிலையும் உண்டு. அதனையும் திருகோணமலையே காட்டுகின்றது. 2006 ஜனவரி 2ஆம் நாள் மாலை, நகரின் கடற்கரையிலே கூடியிருந்த மாணவர் ஐவர் கொல்லப்பட்டனர். அவர்கள் தம்மிடமிருந்த கைக்குண்டு வெடித்து இறந்தனர் என்று அதிகாரத் தரப்பிலிருந்து முதலில் விளக்கம் வந்தது. ‘சுடர் ஒளி’ பத்திரிகையின் திருகோணமலை நிருபர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் அவ்வுடல்களைப் படம்பிடித்தார். அப்படங்கள் பத்திரிகையில் வெளியாயின. உடல்களிலே துப்பாக்கிச் சன்னங்கள் பாய்ந்த காயங்கள் தெரிந்தன. முதலில் வந்த விளக்கம் அத்துடன் நிற்க இயலாது போயிற்று.

அவ்விடத்தில் ஒரு பத்திரிகை ‘ஐயோ’ என்று எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். வாசகர் அழுதிருப்பர், மறுப்போருக்கும் ஒரு வழி கிடைத்திருக்கும். இது துயரத்தில் எழுந்த பேச்சு, ஒரு பக்கத்தாரின் புலம்பல் என்று ஒதுக்கிவிடுதல் எளிது. காயம் எங்கே, எத்தன்மையது என்ற விவரத்தை அவ்வாறு ஒதுக்க இயலாது. தந்திக் கட்டணம் கற்பித்த அதே வறண்ட நடை, இங்கே அஞ்சாமையின் நடையாக மாறுகின்றது. உணர்ச்சிச் சொல்லைப் பத்திரிகை தன் வாயால் கூறுவதற்கும், கூறவேண்டியவரின் வாயிலிருந்து கேட்டு எழுதுவதற்கும் உள்ள வேறுபாடு இந்நிகழ்ச்சியிலே தெளிவாகின்றது. தலைப்பில் ‘ஐயோ’வைப் பொறிக்கும் ஆசிரியர், அழும் உரிமையை அழுதவரிடமிருந்து தம் கைக்கு மாற்றிக்கொள்கின்றார். தலைநகரில் இருந்துகொண்டு வேடிக்கைப் பத்தியில் அதைக் கையாள்பவர் அவ்வுரிமை எங்கிருந்து வந்தது என்பதையே மறந்துவிடுகின்றார். திருகோணமலை நிருபருக்கோ இரண்டுக்கும் வசதி இல்லை. அவர் அவ்வூரிலேயே வசிப்பவர். மறுநாட் காலையில் அதே வீதியால் நடக்க வேண்டியவர். புறநானூற்றுப் பெண்ணைப் போலவே, தாம் எழுப்பும் ஒலி யார் செவியில் விழும் என்பதை எண்ணியே வாய்திறக்க வேண்டியவர்.

சுகிர்தராஜன் ஒலி எழுப்பாமற் படத்தை அனுப்பினார். அதுவும் கேட்கப்பட்டுவிட்டது. படங்கள் எடுக்கப்பட்ட அதே மாதம் 24ஆம் நாள் காலையில் அவர் திருகோணமலை நகரில் வீதியில் வைத்துச் சுட்டுக் கொல்லப்பட்டார்.

கொல்லப்பட்ட மாணவருள் ஒருவரின் தந்தை, அன்று மாலை கடற்கரைப் பக்கமிருந்து உதவி கேட்டுத் தமிழிலே எழுந்த கூக்குரல்களைத் தாம் கேட்டதாகப் பின்னர்க் கூறினார். இங்கே கூக்குரல் உணர்ச்சி என்னும் நிலையைக் கடந்து சாட்சியமாகின்றது. கேட்டவர் ஒருவர் உளர். கேட்ட இடமும் நேரமும் உள. எந்த மொழியில் எழுந்தது என்பதும் பதிவாயிற்று. பத்திரிகைகளும் மனித உரிமை அறிக்கைகளும் அதனை அவ்வாறே, அவர் வாய்மொழியாகவே எடுத்தெழுதின. கொச்சை நீக்கப்பட வேண்டியதென்று எவரும் கருதவில்லை. 2013இல் விசேட அதிரடிப் படையினர் உட்படப் 13 பேர் கைது செய்யப்பட்டனர். 2019 ஜூலையில் திருகோணமலை நீதவான் நீதிமன்றம் போதிய சாட்சியம் இல்லையென்று அவர்களை விடுவித்தது. சாட்சியருட் சிலர் அதற்கு நெடுநாள் முன்னரே நாட்டைவிட்டுச் சென்றிருந்தனர்.